சீமை டாக்டர் சொன்ன வயநாடு

அத்தையின் பழுப்பு நிறக் கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு. எப்போதோ அறுந்து விழுந்ததற்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை வைத்துத் தைத்திருந்தார். மான்செஸ்டர் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் என்னை நிறுத்தி, தான் போட்டிருந்த அந்தக் கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டி, கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் போட்டுவிட்டார். பாச்சை உருண்டையும் கடுகு தாளிப்பும் கலந்த வாசனை. அவருடைய உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பிய மாமாவோடு முதல்முறையாக விமானம் ஏறி, வழியெல்லாம் எங்கே விழுந்து மானத்தை வாங்கிவிடுவேனோ என்று இருக்கைக் கைப்பிடியைப் பிடித்தபடி வந்தவள் நான். கழுத்துப் பொத்தானைப் போடும்போது அத்தை என் தாடையைத் தொட்டு, "பயப்படாத கண்ணு, நானிருக்கறேனில்ல" என்றார். நான் அழுதுவிட்டேன். அப்பாவின் அக்கா அவர். அவர் எனக்குச் செய்ததெல்லாம் தெரிந்த பிறகும், அவரைப் பற்றி எழுதும்போது 'ஆர்' போட்டுத்தான் எழுத வருகிறது. கொங்குநாட்டில் பிறந்தவர்களுக்கு மரியாதை நாக்கிலேயே ஊறியது. மனதில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எனக்கு வலிப்பு நோய். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. இன்றும் காலையிலும் இரவிலும் மாத்திரை உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். 'மயக்கம்' என்பார்கள். வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தால் அதுவும் தேய்ந்து 'கொஞ்சம் அசதிங்க' ஆகிவிடும். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை இருந்தது. பம்புசெட்டுக்கு வேண்டிய உருப்படிகளைக் கடைந்து கொடுப்பார். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். மற்ற இடத்துப் பிள்ளைகளுக்குச் சாவிக்கொத்து கிடைக்கும். கணபதியில் இரும்புக்கா பஞ்சம்? நான் கண் விழிக்கும்போது ஒருநாள் கையில் ஸ்பேனர் இருக்கும், ஒருநாள் போல்ட்டு, ஒருநாள் சூடு ஆறாத கடைசல் துண்டு. நாக்கு கடிபட்டு, பாவாடை நனைந்து நான் கிடப்பேன். எண்ணெய்க் கைகளோடு சுற்றி நிற்கும் பட்டறைக்காரர்களைப் பார்த்து அம்மா, "ஒண்ணுமில்லீங்க, வெறும் வயித்தோட இருந்துபோட்டா" என்பார். உள்ளூரில் கொடுத்த மாத்திரையில் ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வந்ததே தவிர, வலிப்பு நின்றபாடில்லை. நான் கையால் வாயை மறைத்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

மாமா பஞ்சாலை இயந்திர வேலைக்காக இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர்களுக்கு ஒரே மகன், பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கே. முறைக்கு நான் அவனுக்கு உரிய பெண். ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தை "என்ற மருமவ எங்க?" என்று கேட்டபடிதான் எங்கள் வீட்டு வாசற்படி ஏறுவார். அப்பா அந்த வார்த்தையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். எனக்கு நோய் வந்தது தெரிந்த பிறகு அத்தை வந்தபோது, வாசலில் "அம்மணி எங்க?" என்று கேட்டார். மருமகள் அம்மணியாக மாறியதை அம்மா கவனித்தார். அப்பா கவனிக்கவில்லை. "உங்க ஊர்ல பெரிய டாக்டருங்க இருப்பாங்க அக்கா. நீங்க கூட்டிட்டுப் போயி நல்லாக்கிப் போட்டீங்கன்னா, அப்பறம் அவ உங்க ஊட்டுப் பொண்ணுங்க" என்றார். எங்கள் பக்கம் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. 'அதுக்கென்னுங்க, பாக்கலாம்' என்பார்கள். கேட்டவர் தானாகப் புரிந்துகொண்டு எழுந்து போக வேண்டும். அத்தையும் "அதுக்கென்ன தம்பி, பாக்கலாம்" என்றார். அப்பா புரிந்துகொள்ளவில்லை. போனில் பேசும்போதெல்லாம் விடாமல் கேட்டார். கடைசியில் அத்தை என்னை அனுப்பச் சொன்னார். முடியாது என்பதைச் சொல்ல அவருக்கு இன்னொருவர் வாய் தேவைப்பட்டது என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

கோயமுத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் மார்தட்டிச் சொல்வார்கள். அசல் மான்செஸ்டரில் நான் இருந்த பக்கம் ஒரு மில்லும் ஓடவில்லை, சங்கும் ஊதவில்லை. மழைதான் ஓயாமல் பெய்தது. அத்தை என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார், அதை மறைப்பதற்கில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். குளியலறைக் கதவைத் தாழ் போட விடமாட்டார். எனக்காக அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி நெய்யை அள்ளி ஊற்றுவார். மகனை மட்டும் கண்ணில் காட்டவில்லை. பரீட்சை என்பார், நண்பன் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்பார். ஒரே ஒருமுறை மாடிப்படியில் எதிர்ப்பட்டு "ஹலோ" என்றான். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு தலையாட்டினேன். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. தமிழ் நுழைந்தால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று அத்தை சொல்லித்தரவே இல்லை. சொல்லித்தந்தால் ஊரும் உறவும் பின்னாலேயே வந்துவிடும் என்ற பயமும் இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் விளக்கை மினுக்கினார்கள். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுக்கவைத்தார்கள். நான் தமிழ் வழியில் படித்தவள். புத்தகத்து இங்கிலீஷ் எழுதத் தெரியும், அந்த ஊர்க்காரர்கள் பேசினால் ஆற்றில் தண்ணீர் ஓடுவது போலத்தான் கேட்கும். அத்தைதான் சொல்லிக்கொண்டே வருவார். "மூச்சை நல்லா இழுத்து உடச் சொல்றாங்க கண்ணு." "அசையாம இருக்கச் சொல்றாங்க." அதுவரை அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு அந்த ஊரில் இருந்தவரை நான் ஒருமுறையும் விழவில்லை. ஈறு வீக்கம் மெல்ல வடிந்தது. குளியலறைக் கண்ணாடியில் பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்துக்கொள்வேன். ஊருக்குத் திரும்புமுன் கடைசியாகப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனோம்.

பெரிய டாக்டர் ஒரு வயதான அம்மாள். தடித்த கண்ணாடி, மூக்கு நுனி சிவந்திருக்கும். மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும், ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்பதை விளக்கினார், அத்தையும் அதைத் தமிழில் அப்படியே சொன்னார். பிறகு அத்தை தாமாக ஒன்று கேட்டார். அந்தக் கேள்வியில் கல்யாணம், குழந்தை என்ற இரண்டு இங்கிலீஷ் சொற்கள் எனக்கே புரிந்தன.  அந்த அம்மாள் அத்தையைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். சிரித்தார். என் கைமேல் தன் கையை வைத்து "வை நாட்?" என்றார். எனக்குப் புரியவில்லை என்று கண்டு, இன்னொரு முறை நிறுத்திச் சொன்னார், "வை நாட்?" எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது 'ஒய்'. அது வேறு, இது வேறு. என் காதில் விழுந்தது வயநாடு. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணாலம், கொழந்தை எல்லாம் இந்த உடம்பு தாங்காதுங்கறாங்க கண்ணு" என்றார்.

ஆஸ்பத்திரி நடையில் வரும்போது, "சிரிச்சுட்டே சொன்னாங்களே அத்தை?" என்று கேட்டேன். "இந்த ஊர்க்காரங்க எழவையும் சிரிச்சுட்டுத்தான் சொல்லுவாங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. "வயநாடு வயநாடுன்னாங்களே, அது என்னங்க அத்தை?" அத்தை நின்றுவிட்டார். தான் போட்டிருந்த கோட்டின் அந்தக் கறுப்புப் பொத்தானைத் திருகிக்கொண்டே கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். எனக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அளந்திருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. பிறகு, "ஆமா கண்ணு. உங்க ஊருக்குப் பக்கத்துலயே வயநாட்டுல மூலிகை வைத்தியருங்க இருக்கறாங்களாமா. அங்க வேணும்னா காட்டிப் பாருங்கன்னாங்க" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவு தூரத்தில் இருக்கும் வெள்ளைக்கார அம்மாளுக்கு வயநாடு தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலமே அத்தை அப்பாவோடு போனில் பேசினார். அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. "என்ன பண்றது தம்பி, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? டாக்டரே சொல்லிப்போட்டாங்க." அழுதுகொண்டே சொன்னார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அப்பா இடிந்துபோகவில்லை. அவருக்கு வயநாடு என்ற சொல் போதுமானதாக இருந்தது. சீமை டாக்டரே நம்ம பக்கத்து வைத்தியத்தைச் சொல்லுகிறாள் என்று பட்டறையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஊட்டி, கூடலூர் வழியாகப் பஸ் மாறி மாறிப் போனோம். விசாரித்து விசாரித்து, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீட்டில் இருந்த ஒரு வைத்தியரைக் கண்டுபிடித்தார். வைத்தியர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, இங்கிலீஷ் மாத்திரை வயிற்றில் இருக்கும்வரை தன் மருந்து வேலை செய்யாது என்றார். "டாக்டரம்மா நிறுத்தவே கூடாதுன்னாங்கப்பா" என்றேன். "அந்தம்மாதான கண்ணு இங்க அனுப்பிச்சாங்க?" என்றார் அப்பா.  நான் பெட்டியில் பத்திரமாகக் கொண்டு வந்திருந்த அத்தனை மாத்திரையையும் அந்த வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையில் அப்பா தன் கையாலேயே கொட்டினார். கறுப்பு லேகியமும் உருண்டையுமாக வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். விழுந்தது எனக்குத் தெரியாது. இடது கை தோசைக்கல்லின் மேல் கிடந்ததாம். தீய்ந்த நாற்றம் வந்து, தோசை கருகுகிறது என்று திட்டிக்கொண்டே அம்மா உள்ளே வந்திருக்கிறார். அந்தத் தடவை யாரும் என் கையில் கொடுக்க இரும்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. நினைவு திரும்பாமலேயே அடுத்தடுத்து வலிப்பு வந்து பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்தேன். மூன்று விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. அங்கே இருந்த இளம் டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டு, "ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் போல இருக்கலாம், கல்யாணமும் பண்ணலாம்" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். வெளியே வந்ததும், சீமை டாக்டரே ஆகாது என்று சொன்ன பிறகு இந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பட்டப்படிப்பு முடித்து, தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, கணினியில் தட்டச்சு செய்யும் வேலை. கை மடங்கியவளை எடுத்ததே பெரிது என்று மிஞ்சிய விரல்களால் தட்டினேன். பயிற்சியின்போது ஒருநாள் நான் அடித்ததைப் பயிற்றுநர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். டாக்டர் சொன்னதாக நான் அடித்திருந்தது, 'நோயாளி மாடிப்படி ஏறலாமா என்று கேட்டார், வயநாடு என்றேன்.' "இந்த டாக்டர் எதுக்கும்மா மாடிப்படிக்கு வயநாட்டுக்கு அனுப்பறாரு? அது 'ஒய் நாட்'. ஏன் கூடாது, தாராளமா செய்யலாம்னு அர்த்தம்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கையால் மறைக்காமல். சிரித்து முடித்ததும் காதில் மறுபடி மாட்டிக்கொண்டேன். பதிவைத் திரும்ப ஓடவிட்டேன். மறுபடியும் ஓடவிட்டேன். ஆண்குரல்தான். எனக்குக் கேட்டது அந்தச் சிவந்த மூக்கு அம்மாளின் குரல்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன்.  "ஊரெல்லாம் ஆகாதுன்னு சொல்லிப்போட்டோம் கண்ணு. ஒறவுல எல்லார்த்துக்கும் தெரியும். இப்பப் போயி மாத்திச் சொன்னா நம்ம பேச்சுக்கு என்ன மருவாதி இருக்கும்?" என்றார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வெள்ளைக்கார டாக்டர் எனக்குத் திறந்து காட்டிய கதவை அத்தை சாத்தினார். அதற்குப் பூட்டுப் போட்டவர் என்னைப் பெற்றவர். அப்பாவை நான் மன்னிக்கவில்லை. அவர் இறந்தபோது அத்தை வந்தார். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் என் கையை எடுத்துத் தடவி, "இப்பக் கை எப்படி இருக்குது கண்ணு?" என்றார். "பரவாயில்லீங்க அத்தை" என்றேன். எனக்கும் ஊர்ப் பழக்கம் விடவில்லை, அல்லது அத்தனை வருஷ ஆத்திரத்தை அந்த ஒரு நிமிஷத்தில் கொட்டித் தீர்த்துவிட எனக்கு மனமில்லை.

அத்தையின் மகன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அத்தையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. மாமா இறந்துபோனார். பிறகு அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியபோது தமிழ் மட்டும் திரும்பியது, இங்கிலீஷ் வரவில்லை. அப்படி ஆவதுண்டாம், பிறந்தபோது கேட்ட மொழி கடைசிவரை நிற்கும், நடுவில் வந்தது போய்விடும். அம்மா பேசுவது மகனுக்குப் புரியவில்லை, மகன் பேசுவது அம்மாவுக்குப் புரியவில்லை. சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடி வீட்டில், கவனித்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்து, அத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்று நான் போவேன். உறவுக்காரர்கள் என் மனசு யாருக்கு வரும் என்கிறார்கள். அன்பினால் போகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் பேச இப்போது என் ஒரு வாய்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் அழைத்தான். போனில் சரியாகக் கேட்கவில்லை என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, அத்தையின் மடியில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். வழக்கமான விசாரிப்புகள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி. நான் இரண்டு பக்கமும் சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து, "என்னை எப்பக் கூட்டிட்டுப் போவான்னு கேளு கண்ணு. இங்க இருக்க முடியல, அங்கயே வந்துபோடறேன்னு சொல்லு" என்றார். கேட்டேன். அம்மா உங்களோடு வந்து இருக்க ஆசைப்படுகிறார், கூட்டிக்கொள்வீர்களா என்று இங்கிலீஷில் கேட்டேன்.  சிரித்தபடி "வை நாட்?" என்றான். இன்னொரு முறையும் சொன்னான், "வை நாட்?" அதே ஊர் உச்சரிப்பு, அச்சு அசலாக அப்படியே. அந்த டாக்டர் அம்மாள் என்னைப் பார்த்து நிஜமாகவே கேட்டார், ஏன் கூடாது என்று. இவன் சொன்னதற்கு அர்த்தம் 'அதுக்கென்னுங்க, பாக்கலாம்'. தமிழ் தெரியாமல் வளர்த்த பிள்ளைக்குள் எங்கள் ஊர் எப்படியோ இறங்கியிருந்தது. எப்போது என்று சொல்லாமலேயே போனை வைத்துவிட்டான்.

"என்ன கண்ணு சொல்றான்?" என்றார் அத்தை.

"வயநாடுங்கறாருங்க அத்தை."

அத்தை என் முகத்தையே பார்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். வரட்டும் என்று கண்ணை எடுக்காமல் இருந்தேன். ஆனால் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "வயநாட்டுக்கா வந்திருக்கறான்? அப்பக் கிட்டத்தாலதான். கோட்டை எடு கண்ணு, மலை மேல குளிரும்" என்றார். நான் அலமாரியைத் திறந்து அந்தப் பழுப்புக் கோட்டை எடுத்து வந்தேன். அதே பாச்சை உருண்டை வாசனை. பக்கவாதத்தில் விழுந்துபோன கையைத் தூக்கி உள்ளே நுழைத்து, கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் போட்டேன். கறுப்புப் பொத்தான் என் மடங்கிய விரல்களுக்குச் சிக்காமல் நழுவியது, விடாமல் போட்டேன். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு அவர் தாடையைத் தொட்டு, "பயப்படாதீங்க அத்தை, நானிருக்கறேனில்லங்க" என்றேன். அத்தை தலையாட்டினார். வெளியே தார் உருகும் வெயில். அவர் வாசலைப் பார்த்தபடி, நெற்றியிலிருந்து வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். நான் மின்விசிறியைத் திரும்பப் போடவில்லை.